பன்னிரண்டு எலிகளும் ஒரு பிஸ்கட் துண்டும்

உளவியல் ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பராமரிப்பவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் எலியம்மா. பதினாறு வருட வேலை. புருஷன் இன்னொருத்தியோடு போன மறுநாள்கூடக் காலை ஏழு மணிக்கு வந்து கூண்டுகளைக் கழுவியவள். அன்று எரியாத வயிறு, ஆய்வுக்கு வந்த மாணவியைப் பார்த்துத்தான் எரிந்தது.

கண் திறக்காத குட்டிகளாக இருந்த நாளிலிருந்து அவள் பார்த்துப் பார்த்து வளர்த்த பன்னிரண்டு எலிகள், மாணவியைக் கண்டதும் கம்பியில் மூக்கை வைத்துத் தவம் கிடந்தன. அதிலும் மகாராணி என்று அவள் செல்லப் பெயர் வைத்த வெள்ளை எலி, மாணவியின் மேலங்கிக் கைக்குள் புகுந்து தூங்கியது. நேற்று வந்தவள் மந்திரம் போட்டுவிட்டாள் என்று எலியம்மா துடைப்பத்திடம் முறையிட்டாள்.

மாணவியின் சோதனை நினைவாற்றலைப் பற்றியது. சரியான நெம்புகோலை அழுத்தினால் எலிக்குத் தீனி விழும். அதற்காக எலிகளை இலேசான பசியோடு வைத்திருப்பார்கள். பசி எல்லை மீறாமலிருக்கத் தினமும் எடை பார்த்து எழுதுவது எலியம்மாவின் பொறுப்பு. அவள், காலையில் யாரும் வருமுன் ஆளுக்கொரு பிஸ்கட் துண்டு ஊட்டிவிட்டு, எடையைக் குறைத்து எழுதினாள். ஊட்டும் அந்த ஐந்து நிமிடம் பன்னிரண்டும் அவள் பிள்ளைகள்.

வயிறு நிறைந்த எலிகள் நெம்புகோலைத் திரும்பியும் பார்க்கவில்லை. மாணவியின் முகம் வாடியது. எலியம்மாவின் மனம் குளிர்ந்தது, மூன்றாம் வாரம் ஒரு தாள் அவள் கையெழுத்துக்கு வரும்வரை. இந்த எலிகள் ஆய்வுக்கு உதவவில்லை, இவற்றைக் கொன்றுவிட்டுப் புதிதாகப் பன்னிரண்டு வாங்க விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழு அனுமதிக்க வேண்டும் என்று அதில் இருந்தது.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் மகாராணி போகும். பேனாவை மூடிவிட்டுத் தாளோடு மாணவியிடம் போனாள்.

"இதுங்க மேல தப்பில்லம்மா. நான்தான் தினமும் பிஸ்கட் குடுத்தேன்."

"ஏன்க்கா?"

"எல்லாம் உன்கிட்டயே ஓடுதுங்க. எனக்குத் தாங்கல."

மாணவி அந்தத் தாளை வாங்கி மடித்தாள். பிறகு, "கீழ் மாடில சோதனைக்கு வர்ற மனுஷங்க பிடிக்கலன்னா எழுந்து போயிடலாம்க்கா. இதுங்களால முடியாது. இதுங்களுக்காகப் பேசத்தான் நீங்க இருக்கீங்க," என்றாள். குரலில் கோபம், கண்ணில் நீர்.

குழு விசாரித்தது. எலிகளைக் கொல்ல வேண்டாம், அவற்றை வைத்தே சோதனையை முதலிலிருந்து தொடங்கலாம் என்றது. எலியம்மாவைச் சலவைப் பகுதிக்கு மாற்றியது. எலி அறைக்குள் அவள் இனிமேல் நுழையக் கூடாது.

இப்போது கதவுக் கண்ணாடி வழியே பார்க்கிறாள். பன்னிரண்டு கூண்டிலும் பழைய முகங்கள். மகாராணி அந்த மேலங்கிக் கைக்குள் ஏறுகிறது. வயிறு எரியத்தான் செய்கிறது. மாலையில் மேலங்கி சலவைக்கு வந்ததும், தண்ணீரில் போடுமுன் அந்தக் கையை மட்டும் ஒருமுறை முகர்ந்து பார்க்கிறாள்.