பின்னல்காரி லாரி ஏறிய விதம்

லாரிக்குப் படம் எழுதுகிறவனைத் தெருவில் போகிறவர்கள் எல்லாரும் திருத்துவார்கள்; பிரஷ் பிடித்துப் பிழைத்தவர்களே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? சுதந்திரம் வந்த புதிதில், நாகர்கோவிலிலிருந்து வந்து கரமனையில் ஒரு லாரிப் பட்டறையில் பெயின்டராக இருந்தேன். அப்போது தெற்கே ஓடிய லாரிகளின் பின்பலகையில் முதுகைக் காட்டி நின்றாளே ஒரு பின்னல்காரி, அவளை முதலில் வரைந்தவன் நான்தான்.

முகம்

டிரைவர் செல்லப்பன் பொன்முடியிலிருந்து தேயிலை ஏற்றி வரும்போது கல்லாற்றுக்கு மேலே பிரேக் போய்விட்டது. வண்டியை மலையோடு உரசி நிறுத்தி உயிர் தப்பினார். "இனி லாரியே வேண்டாம்" என்று மனைவி பொன்னம்மாள் சாப்பிடாமல் கிடந்தாள். அவளைச் சமாதானப்படுத்த என்னிடம் வந்தார். "அவ முகத்தப் பின்னால வரைஞ்சிருங்க அண்ணாச்சி. கூடவே வாறான்னு நெனச்சு மெதுவா ஓட்டுவேன்."

கல்யாணப் போட்டோவைப் பார்த்து வரைந்தேன். மூக்குத்திவரை அப்படியே வந்தது. பொன்னம்மாளைக் கூட்டிவந்து காட்டினார். அவள் கண் கலங்கிவிட்டது. "பின்னால வாற வண்டிக்காரன்மாரெல்லாம் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே வரவா அண்ணாச்சி?"

பின்னல்

செல்லப்பன் லாரியை விடவும் முடியாது. அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு தொழில். நான் முகத்தின்மேல் கறுப்பு அடித்தேன். அடிக்கும்போதே வழி தெரிந்துவிட்டது. அந்தக் கறுப்பையே கூந்தலாக்கி, இடுப்புவரை பின்னலை இறக்கி, பிச்சிப்பூ வைத்தேன்.

பொன்னம்மாள் கிட்டே வந்து பார்த்தாள். பிறகு கணவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்: "இப்பம் சரி. நானும் ரோட்டப் பாத்துக்கிட்டுத்தானே போறேன். போய்ட்டு வரச் சொல்லுங்க."

தோள்வரை முடி

அடுத்த மாதம் விழிஞ்ஞத்திலிருந்து மீன் லாரி ஓட்டும் மரியதாசன் மனைவியின் போட்டோவோடு வந்தான். அவனுக்கும் அவளைப் பின்னலோடு வரைந்து தர வேண்டுமாம். "உன் பெண்டாட்டிக்குத் தோள்வரைதானே முடி?" என்றேன்.

"அதுனால என்ன சேட்டா? வண்டியிலயாவது நீளமா இருக்கட்டும்."

சாலை பஜார்

வருஷம் திரும்புவதற்குள் வாரம் இரண்டு பின்னல் வரையலானேன். ஒருநாள் பொன்னம்மாள் காய்கறிப் பையோடு நேரே பட்டறைக்கு வந்துவிட்டாள். சாலை பஜாரில் ஏழு லாரிகள் வரிசையாக நின்றதாம். ஏழிலும் அதே முதுகு, அதே பிச்சிப்பூ. நான் பிரஷைக் கீழே வைத்தேன்.

"ஏழு லாரிக்காரன்மாருக்குமா என்னக் கெட்டிக் குடுத்தீங்க அண்ணாச்சி?"

எத்தனையோ முகங்களை அச்சு அசலாக வரைந்திருக்கிறேன். ஆனால் எனக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது நான் அழித்த முகம்தான்.