சிவப்புத் திரைக்கு அந்தப் பக்கம்

எங்கள் வீட்டில் அம்மா குளிக்கப் போனால்தான் மற்ற இருவருக்கும் உலகத்தில் உள்ள அத்தனையும் தேவைப்படும். மற்ற இருவர் என்றால் அப்பாவும் நானும். அமெரிக்காவில், சான் ரமோனில் நாங்கள் இருந்த அபார்ட்மெண்டின் குளியலறைக் கதவுக்கு நல்ல பூட்டு ஒன்று உண்டு. எதற்காக இருந்தது என்றுதான் தெரியவில்லை. தண்ணீர் விழும் சத்தம் கேட்டவுடன் நான் போய்த் தட்டுவேன்.

"அம்மா, வேர் இஸ் மை அதர் ஷூ?"

"சோபாக்கு அடியில பாருடா."

நான் நகர்ந்ததும் அப்பா வருவார். "இங்க பாரேன், குக்கர் எத்தனை விசில்?"

"மூணு. அடுப்ப சிம்ல வைங்க."

தலையில் ஷாம்பு நுரையோடு நின்றபடி அம்மா குடும்பம் நடத்தினாள். மூடிய கதவுக்குப் பின்னால் இருந்துகொண்டே தொலைந்த பொருளைக் கண்டுபிடிக்கும் சக்தி என் அம்மாவுக்கு உண்டு என்று பள்ளிக்கூடத்தில் நான் பெருமையடித்துக்கொண்டதும் உண்டு. ஒருவனும் நம்பவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை. எனக்கு எட்டு வயது முடிந்திருந்தது. டோக்கியோவில் விமானம் மாறி மெட்ராஸ் போவதாக ஏற்பாடு. அப்பாவுக்குத் திடீரென்று ஒரு யோசனை. எப்படியும் ஜப்பானில் இறங்குகிறோம், இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனால் என்ன? அங்கே மலையடிவாரங்களில் பூமியிலிருந்து வெந்நீர் தானாக ஊற்றெடுக்குமாம். அதைத் தொட்டியில் பிடித்து, பக்கத்தில் பழைய பாணியில் விடுதி கட்டி வைத்திருப்பார்களாம். அப்பாவின் முதுகுவலிக்கு அது நல்லதென்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். சொன்னவர் அவரோடு வேலை பார்த்த ஜப்பானிய நண்பர். மூன்று விடுதிகளின் வண்ணப் படங்களையும் அவரே கொடுத்தனுப்பினார்.

"இதுல டிசைட் பண்ணப் போறது நான் இல்ல, டேட்டா" என்றார் அப்பா.

"அந்த டேட்டாவையே இன்னிக்கு சமையலும் பண்ணச் சொல்லுங்க" என்றாள் அம்மா.

முதல் விடுதியில் ஒவ்வோர் அறைக்கும் தனியாக ஒரு மரத்தொட்டி. பால்கனியில் உட்கார்ந்துகொண்டே வெந்நீரில் ஊறலாம். இரண்டாவதில் டேபிள் டென்னிஸும் வீடியோ கேம் அறையும் இருந்தன. என்னைப் பொறுத்தவரை ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது. மூன்றாவது, ஆற்றங்கரையில் ஒரு பழைய மர வீடு. அறையில் டிவி கிடையாது, குளியலறையும் கிடையாது. நான் அதற்கு 'ஜெயில்' என்று பெயர் வைத்தேன்.

சந்தேகங்களைத் தீர்க்க அந்த ஜப்பானிய நண்பரையே ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அழைத்தார் அப்பா. மேல் வீட்டு ஆன்ட்டியும் வந்திருந்தார். அவர் அழைக்காமலே வருவார், எங்களுக்கும் அது பழகிவிட்டது. நண்பர் சாம்பார் சாதத்தைக் கரண்டியால் ருசித்துக்கொண்டே பொறுமையாக விளக்கினார். முதலில் முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு உடம்பைச் சுத்தமாகக் கழுவிக்கொள்ள வேண்டும். பிறகு பொதுத் தொட்டியில் இறங்க வேண்டும். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். உடம்பில் துணி இருக்கக் கூடாது.

அப்பாவுக்குப் புரையேறியது. ஆன்ட்டி தமிழுக்குத் தாவினார்.

"துணியே இல்லாமயா? முன்னப் பின்ன தெரியாதவங்க முன்னாடியா? எங்க ஊர்ல ஆத்துல குளிச்சாக்கூட பாவாடைய நெஞ்சு வரைக்கும் கட்டிக்கிட்டுத்தான்டியம்மா குளிப்போம்!"

"அப்ப முதல் ஹோட்டல்தான்" என்று அப்பா அவசரமாகத் தீர்ப்புச் சொன்னார். "பிரைவேட் டப். குடும்பத்தோட, மானத்தோட இருந்துட்டு வரலாம்."

யாருக்கும் மறுப்பு இருக்கும் என்று தோன்றவில்லை. அபார்ட்மெண்ட் நீச்சல் குளத்துக்கு எங்களோடு வந்தால்கூட அம்மா சுடிதாரோடு ஓரமாக உட்கார்ந்து எங்கள் செருப்பைக் காவல் காப்பாளே தவிர, கால்விரலை நனைத்ததில்லை. அப்படிப்பட்டவள் சாம்பார் கரண்டியைப் பிடித்தபடி நண்பரிடம் தன் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டாள்.

"பாய், எயிட் இயர்ஸ். லேடீஸ் சைடுல அலவ் பண்ணுவாங்களா?"

என்னைச் சொல்லித்தான் கேட்கிறாள். என் மானத்தைப் பற்றி அம்மாவுக்கு இவ்வளவு அக்கறையா என்று எனக்கே பெருமையாக இருந்தது. நண்பர் யோசித்துச் சொன்னார். முதல் விடுதியில் தொட்டி உங்களுடையது, யார் வேண்டுமானாலும் இறங்கலாம். இரண்டாவதில் சிறுவர்கள் எந்தப் பக்கமும் போகலாம். மூன்றாவதில் மட்டும் முடியாது. அதை நடத்தும் பெண்மணி மிகவும் கண்டிப்பானவர்.

நண்பரின் தட்டில் அவர் கேட்காமலே இன்னொரு கரண்டி சாம்பார் விழுந்தது.

"மூணாவது" என்றாள் அம்மா.

"அதுல டப்பே இல்லையே" என்றார் அப்பா.

"பரவால்ல."

"டிவி இல்ல."

"பரவால்ல."

"காமன் பாத்தும்மா. துணி..."

"அதான் அவரு சொன்னாரே. காது கேட்டுது."

அம்மா கூந்தலைக் கத்தரித்துக்கொண்டு வந்து நிற்பதைப்போல ஆன்ட்டி அவளைப் பார்த்தார். நான் உண்ணாவிரதம் அறிவித்தேன். அம்மா வெங்காய பஜ்ஜி போட ஆரம்பித்தாள், அறிவிப்பு வாபஸானது. அப்பாதான் அன்று மாலை வரை தன் டேட்டாவோடு போராடிப் பார்த்தார். அம்மா எதையும் தனக்கென்று கேட்டதில்லை. அதனால் அவள் கேட்டால் எப்படி மறுப்பது என்ற பயிற்சி அவருக்கு இல்லாமல் போய்விட்டது.

எஞ்சியிருந்தது சாப்பாட்டுப் பிரச்சினை. அப்பா அந்த விடுதிக்குப் போன் போட்டார். வெளிநாட்டுக்காரருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக, வழக்கத்தில் இல்லாத அளவுக்கு ஆங்கிலத்தை உடைத்து, உரக்கக் கத்தினார். "நோ ஃபிஷ்! நோ எக்! ஃபேமிலி ஈட் ஒன்லி வெஜிடபிள்!" கண்டிப்பான அந்தப் பெண்மணி அமைதியாக, அப்பாவைவிடத் திருத்தமான ஆங்கிலத்தில் பேசினார். எங்கள் ஊர் சூப் மீன் சாற்றில்தான் கொதிக்கும், உங்களுக்குக் காளானும் கடற்பாசியும் போட்டுத் தனியாக வைக்கிறோம், கவலை வேண்டாம் என்றாராம். அவர் நியூ ஜெர்சியில் கல்லூரி படித்தவர் என்பது பிற்பாடு தெரிந்தது. அப்பா போனை வைத்துவிட்டு, "நான் பேசினது நல்லா புரிஞ்சுடுச்சு அந்தம்மாவுக்கு" என்றார்.

போய்ச் சேர்ந்தோம். நடையின் கோடியில் குளிக்கும் இடத்துக்குக் கதவு இல்லை, இரண்டு துணித்திரைகள் தொங்கின. நீலம் ஆண்களுக்கு, சிவப்பு பெண்களுக்கு. அம்மா விடுதியில் கொடுத்த பருத்தி அங்கியில், கையில் சின்னத் துண்டோடு, சிவப்புத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். கூச்சப்பட்டு இரண்டு நிமிடத்தில் ஓடி வந்துவிடுவாள் என்று அப்பா என்னிடம் அடித்துச் சொன்னார்.

நீலத்திரைக்குள் கூச்சப்பட்டது நாங்கள்தான். அப்பா துண்டை வேட்டிபோல் இடுப்பில் இறுக்கிக்கொண்டார். நான் அவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஆனால் முக்காலியில் உட்கார்ந்து வெந்நீரைப் பார்த்ததும் அவருக்குள் இருந்த திருநெல்வேலிக்காரர் விழித்துக்கொண்டார். இவ்வளவு வெந்நீர் இருக்கும்போது எண்ணெய் தேய்க்காமல் குளிப்பதா? ஷாம்பு பாட்டிலில் அடைத்துக் கொண்டுவந்திருந்த நல்லெண்ணெயை என் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை ஊற்றி அரக்கித் தேய்த்தார். பக்கத்து முக்காலியில் இருந்த பெரியவர் மூக்கை உறிஞ்சினார். எள்ளெண்ணெய் அவருக்கும் தெரிந்த வாசனைதான், ஆனால் சமையலறையில். அப்பாவையும் என்னையும் அருகில் ஆவி பறந்த தொட்டியையும் அவர் மாறி மாறிப் பார்த்த பார்வை இன்றும் நினைவிருக்கிறது. என்னைப் பொரிக்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார். நான் அப்போது கொழுகொழுவென்று வேறு இருந்தேன்.

தொட்டியில் எண்ணெய் மிதந்தால் பெரியவர் போய்ப் புகார் சொல்லிவிடுவாரோ என்று அப்பாவுக்குப் பயம். சீயக்காய் போட்டுத் தோல் உரியும்வரை தேய்த்தபிறகே என்னை உள்ளே விட்டார். கொதிக்கிற தண்ணீர். இறங்கினோம், கத்தினோம், ஏறினோம். வெளியே வந்தபோது அம்மா வந்திருக்கவில்லை.

காத்திருந்தோம். மற்ற பெண்கள் சிலர் போனார்கள், வந்தார்கள். சாப்பாடு தயார் என்று ஒரு பணிப்பெண் வந்து தலைவணங்கிவிட்டுப் போனாள். அப்பா நடையில் உலாத்தினார். அவர் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, 'இங்க பாரேன்'தான். ஒரு திரையைப் பார்த்து 'இங்க பாரேன்' என்று எப்படிக் கத்துவது? "டேய், நீ கூப்பிடு" என்றார்.

நான் மூச்சை இழுத்துக்கொண்டு, வீட்டில் என்றைக்கும் பலித்த மந்திரத்தைச் சொன்னேன். "அம்மா! வேர் இஸ் மை சாக்ஸ்?"

பதில் இல்லை. உள்ளே தண்ணீர் சலசலத்தது. மறுபடி கத்தினேன். உள்ளே யாரோ மெதுவாகச் சிரித்ததுபோல் இருந்தது, அவ்வளவுதான். எனக்கு அழுகை முட்டியது. வீட்டில் பூட்டிய கதவைத் தாண்டிப் போன என் குரல் இங்கே வெறும் துணியைத் தாண்டவில்லை. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியபோது எனக்கும் கொடுத்திருந்த அங்கியின் தொளதொளத்த கைக்குள்ளிருந்து, குளிக்கும் முன் நான் செருகி மறந்த சாக்ஸ் கீழே விழுந்தது. வாழ்க்கையில் நானாகக் கண்டுபிடித்த முதல் பொருள் அது.

சாப்பாடு ஆறியபிறகு அம்மா வந்தாள். முகம் சிவந்து, ஈரக்கூந்தல் தோளில் புரள, யாரோ ஒரு காலேஜ் பெண்ணைப்போல இருந்தாள்.

"கூப்ட்டது கேக்கலையா?" என்றார் அப்பா.

"கேட்டுதே" என்றாள் அம்மா. என் தலையை முகர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு, எங்களுக்கு முன்னால் நடந்து போனாள்.

கேட்டும் ஏன் பதில் வரவில்லை என்று நான் இரண்டு நாளும் மண்டையை உடைத்துக்கொண்டேன். விமானம் ஏறுவதற்குள் விடை கிடைத்துவிட்டது. சத்தத்தை உள்ளே மட்டும் விட்டு வெளியே விடாத ஏதோ விசேஷத் துணி அது. ஜப்பான்காரர்கள்தான் எல்லாவற்றையும் கண்டுபிடிப்பவர்கள் ஆயிற்றே.

சான் ரமோன் திரும்பிய மறுநாள், நம் குளியலறைக்கும் அந்த மாதிரி ஒரு துணி வாங்கி மாட்டலாமே என்று அம்மாவிடம் யோசனை சொன்னேன். அவள் அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டித்தான் சொன்னேன்.