அக்காவின் ஆரஞ்சுச் சட்டை

பஸ் மரக்காணத்தைத் தாண்டும்போதெல்லாம் இப்போதும் ஜன்னல் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்துகொள்கிறேன். உப்பளத்தைப் பார்த்தால் அக்காவின் சட்டை ஞாபகத்துக்கு வந்துவிடும். உப்பு வாரும் பெண்கள் புடவைக்கு மேல் ஆண்களின் பழைய சட்டையைப் போட்டு, தலையையும் முகத்தையும் துண்டால் சுற்றியிருப்பார்கள். எல்லாம் வெளுத்த சட்டைகள். தூரத்திலிருந்து யார் யாரென்று தெரியாது. அக்கா மட்டும் தெரிவாள். கல்யாணமான மாதமே மாமா அவளுக்குப் பளீரென்று ஆரஞ்சு நிறத்தில் புதுச் சட்டை வாங்கித் தந்தார். கொடுத்து வைத்தவள் என்று எல்லாரும் பொறாமைப்பட்டார்கள். நானும்தான்.

ரோட்டோர டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் உப்பளம் முழுக்கத் தெரியும். மாமா அங்கேதான் உட்காருவார். அக்கா தண்ணீர் குடிக்க நின்றால்கூட வீட்டில் கேள்வி வரும். "யார்கிட்ட அவ்ளோ நேரம் பேசிக்கினு இருந்த?" ஒருநாள் வேறு சட்டையில் போனாள். அன்று வாங்கிய அடியில் அவளுக்கு ஒரு காது மந்தமாகிவிட்டது.

அப்போது நான் திண்டிவனத்தில் பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் வகுப்பில், 'கான்ஸ்பிகுவஸ்' என்றால் பளிச்சென்று கண்ணில் படுவது, அது உற்றுப் பார்ப்பது என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்றார் வாத்தியார். "மேடையில கல்யாணப் பொண்ணு மாதிரி" என்று உதாரணமும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சொல்லின் வேரிலேயே ஒருவன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தோன்றியது. அக்காவிடம் சொன்னேன். "அவரு என்னை எங்கடி பாக்குறாரு, சட்டையத்தான பாக்குறாரு" என்றாள்.

அடுத்த வாரம் லீவில் வேலைக்கு வந்தவளைப்போல நானும் அளத்தில் இறங்கினேன். உப்புக் குவியலுக்குப் பின்னால் பெண்கள் சூழ்ந்து நிற்க, நாங்கள் சட்டையை மாற்றிக்கொண்டோம். அக்கா என் சாம்பல் நிறச் சட்டையில், கூடையைத் தலையில் வைத்து, டீக்கடை வழியாகவே நடந்து போனாள். மாமா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சென்னை பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது.

உச்சி வெயில் வரை குனிந்தே உப்பு வாரினேன். முதுகில் அவர் பார்வை ஊர்ந்துகொண்டே இருந்தது. நிமிரப் பயம், நிற்கப் பயம், தண்ணீர் கேட்கவும் பயம். அக்கா மூன்று வருஷம் பட்டதில் எனக்குக் கிடைத்தது அரை நாள். அதையே என்னால் தாங்க முடியவில்லை.

வேலை முடிந்ததும் மாமா வரப்பில் வந்து நின்றார். துண்டை அவிழ்த்தேன். அவர் முகம் வெளிறியது.

"உங்க அக்கா எங்கடி?"

மற்ற பெண்கள் உப்பு வாரும் பலகையோடு என்னைச் சுற்றி வந்து நின்றார்கள்.

"எனக்கு எப்பிடித் தெரியும் மாமா? காலைலேருந்து நீங்கதான பாத்துக்கினே இருந்தீங்க."