எட்டாம் நம்பர் மிஷினும் கிரேஸின் ஷிஃப்டும்

ஒரு நாளைக்கு நூறு முறையாவது நான் 'ஷிஃப்ட்' என்று டைப் அடிக்கிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியின் டைம் ஆபீஸ் கிளார்க்குக்கு வேறு என்ன வேலை? யார் எந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்று பட்டியல் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டுவேன். பிறகு எல்லோரிடமும் திட்டு வாங்குவேன். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.

ஒரே சொல்லை ஓயாமல் அடித்தால் அது அர்த்தத்தை விட்டுவிட்டு மிதக்க ஆரம்பிக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஜன்னலுக்கு வெளியே வெயிலில் தார் ரோடு நெளிகிற நேரத்தில், எனக்கு அடிக்கடி அப்படி ஆகும். அப்படி ஒரு மதியம்தான் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய தடித்த அகராதியைப் பிரித்தேன். வீடு மாற்றினால் ஷிஃப்ட், கீபோர்டில் பெரிய எழுத்துக்கு ஒரு ஷிஃப்ட், லாரிக்காரருக்கு கியர் ஷிஃப்ட். இதெல்லாம் தெரிந்ததுதான். ஒரு காலத்தில் சீமைப் பெண்கள் உள்ளே போட்டுக்கொண்ட தொளதொள அங்கிக்கும் இதே பெயராம். களைத்த குதிரைகளை அவிழ்த்துவிட்டு வேறு குதிரைகளை வண்டியில் பூட்டினாலும் ஷிஃப்ட். இருப்பதை வைத்து எப்படியோ சமாளித்தாலும் ஷிஃப்ட், சமாளிப்பதற்காகச் சொல்லும் சாக்கும் ஷிஃப்ட். எல்லாவற்றுக்கும் அடியில், ஆயிரம் வருடத்துக்கு முந்தைய அர்த்தம் ஒன்று கிடந்தது. பங்கிடுவது. இருப்பதை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்து வைப்பது.

அதைப் படித்ததும் எனக்கு கிரேஸ் ஞாபகம்தான் வந்தது.

கிரேஸ் கவரைப்பேட்டைப் பக்கத்துக் காலனியில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். பன்னிரண்டாவது முடித்த கையோடு எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறியவள் இன்னும் இறங்கவில்லை. எட்டாம் நம்பர் மிஷினில் அவளை நிறுத்தினார்கள். எங்கள் மிஷின்களை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் உள்ளே உருகி ஓடும் பிளாஸ்டிக் இறுகி, மறுபடி ஓட்டுவதற்குள் பாதி நாள் போய்விடும். அதனால் மாற்று ஆள் வரும்வரை நிற்பவர் நகர முடியாது. வருகிறவர் மிஷின் கதவின் பிடியில் கை வைக்க வேண்டும், அதற்குப் பிறகே இருப்பவர் கையை எடுக்கலாம். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இதுதான் பழக்கம்.

கிரேஸ் கை வைத்தால் கை எடுக்கும் ஆள் இம்மானுவேல். நாளடைவில் அவன் கையை எடுக்கக் கொஞ்சம் தாமதமானது. சூப்பர்வைசர் முறைத்தார், சர்ச்சில் அறிவிப்பு ஓலை வாசித்தார்கள், கல்யாணம் நடந்தது.

சோனியா பிறந்ததும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு யாருமில்லை. ஆகவே ஒரு நாளை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். இந்த வாரம் அவன் ஏ ஷிஃப்ட், காலை ஆறு முதல் இரண்டு; அவள் பி ஷிஃப்ட், இரண்டு முதல் பத்து. அடுத்த வாரம் தலைகீழ். பக்கத்து வீட்டில் குழந்தையை ஒரு மணி நேரம் விட்டுவிட்டு ஒருவர் வருவார், மற்றவர் போய்த் தூக்கிக்கொள்வார். அவள் வைத்த குழம்பை அவன் தனியாகச் சாப்பிட்டான். அவன் துவைத்துக் காயப்போட்ட துணியை அவள் தனியாக மடித்தாள். ஞாயிறு வரும், சர்ச்சிலும் சந்தையிலும் கரைந்துவிடும். இருவரும் கண் விழித்து நேருக்கு நேர் நின்றது, ஷிஃப்ட் மாறும் அந்தப் பத்து நிமிடம் மட்டும்தான். பதினெட்டு வருடம் அப்படியே ஓடியது.

போன ஆடியில் சோனியா நர்ஸிங் படிக்க வேலூர் ஹாஸ்டலுக்குப் போனாள். எனக்குப் புண்ணியம் தேடும் ஆசை வந்துவிட்டது. யாரையும் கேட்காமல் இருவரையும் ஏ ஷிஃப்டில் போட்டுவிட்டேன். கிரேஸுக்கு மூன்றாம் நம்பர் மிஷின். பட்டியலை ஒட்டும்போது எனக்கே கண் கலங்கியது.

மூன்றாவது வாரம் கிரேஸ் என் மேசை முன்னால் வந்து நின்றாள்.

"சார், எங்கள பழையபடி ஆளுக்கொரு ஷிஃப்ட்ல போட்டுருங்க. என்னை பிக்கு மாத்திடுங்க."

"ஏம்மா, சண்டையா?"

"சண்ட வந்தாக்கூட தேவலையே. ஒண்ணா பஸ்ல வர்றோம், ஒண்ணா ஊட்டுக்குப் போறோம், எதிரும் புதிருமா குந்திக்கினு டிவி பாக்குறோம். இன்னா பேசறதுன்னே தெரில." கர்ச்சீப்பை மடித்துக்கொண்டே தொடர்ந்தாள். "முன்னல்லாம் நான் வர்ற வரைக்கும் அவரு வாசலையே பாத்துக்கினு நிப்பாரு சார். என்னப் பாத்ததும் அவரு மூஞ்சி அப்டியே மாறும். பதினெட்டு வருசமா அதப் பாத்துதான் எனக்குப் பொழுது ஓடிச்சு. இப்ப பக்கத்துலயே இருக்காரு, அந்த மூஞ்சியக் காணோம்."

நானும் என் மனைவியும் முப்பது வருடமாக ஒரே வீட்டில் ஒரே ஷிஃப்ட். கேஸ் புக் பண்ணியாச்சா என்பதைத் தாண்டி எங்கள் பேச்சு போய் வெகுகாலம் ஆகிறது. ஃபாரத்தைக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் சொன்னதையே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "அவருக்குத் தெரிய வேணாம் சார், மனசு உட்ருவாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை இம்மானுவேல் வந்தான். கதவைச் சாத்திவிட்டு நின்றான்.

"மோகன்ராஜ் சார், என்னை பி ஷிஃப்ட்ல போடுங்க. அவளாண்ட சொல்லாதீங்க."

"உனக்கு என்னப்பா கஷ்டம்?"

"கஷ்டம் எனக்கில்ல, அவளுக்கு. அந்தப் பத்து நிமிசத்துல ஊரு கதையெல்லாம் கொட்டுவா சார். கொயந்த எத்தினி இட்லி துன்னுச்சு, கொழாயில தண்ணி வந்துச்சா, எல்லாம் அவ வாயால கேட்டாத்தான் எனக்கு ஊடுன்னு ஒண்ணு இருக்குன்னே தோணும். இப்ப நாள் பூரா கூடவே இருக்கேன், வாயத் தொறக்க மாட்டேங்குறா. நான் இருக்கறதே அவளுக்குப் பேஜாரு போல."

அவனும் அதையே எழுதிக் கொடுத்தான்.

இரண்டு ஃபாரத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் சிக்கல் புரிந்தது. இருவர் கேட்டதையும் கொடுத்தால் இருவரும் பிக்குப் போய் மறுபடி ஒன்றாக நிற்பார்கள். ஒருவர் மட்டும்தான் மாறலாம். யாரையும் கேட்காமல் முடிவு செய்து ஏற்கெனவே ஒரு முறை கெடுத்தாகிவிட்டது. சொல்லாதீர்கள் என்று இருவரும் கேட்டதை மீறுவதுதான் வழி. திங்கட்கிழமை வேலை முடிந்ததும் இருவரையும் கூப்பிட்டேன். அவள் எழுதியதை அவன் கையிலும், அவன் எழுதியதை அவள் கையிலும் கொடுத்தேன்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே கம்பெனி பஸ் இன்ஜினைப் போட்டுவிட்டு நின்றது. கிரேஸ் மெதுவாக, உதட்டை அசைத்துப் படித்தாள். இம்மானுவேல் ஒரு முறை படித்துவிட்டு மறுபடியும் முதல் வரிக்குப் போனான்.

"என் மூஞ்சி மாறுமா?" என்று கேட்டான்.

"பின்ன? பாதி மிஷின் ஹாலுக்கே தெரியும்."

"எனக்குத் தெரியாதே."

"உனக்கெப்படித் தெரியும்? பாக்குறவ நானு." பிறகு குரல் இறங்கியது. "பேஜாருன்னு எழுதியிருக்க. உன்னையா? ரெண்டு மணிக்குச் சொல்லணும்னு காலைல இருந்தே ஒவ்வொண்ணா சேத்து வச்சிக்கினு வருவேன். இப்ப சேக்கறதுக்குள்ள நீ எதிர்ல நிக்கிற. எத முதல்ல எடுக்கறதுன்னு தெரில."

"எதையாச்சும் எடு," என்றான் அவன்.

அவள் எடுத்தாள். சோனியாவின் ஹாஸ்டல் சாம்பார், பக்கத்து வீட்டு கன்னியம்மாவின் முழங்கால் ஆபரேஷன், மூன்றாம் நம்பர் மிஷினின் கெட்ட குணம். பேசிக்கொண்டே வெளியே போனார்கள். சைக்கிள் ஸ்டாண்டு நிழலில் அவள் கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல, அவன் சிரிப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர்களை விட்டுவிட்டு பஸ் போனது. இருவரும் அதைக் கவனிக்கவே இல்லை.

மறுநாள் காலை பஞ்ச் பண்ண வந்த கிரேஸிடம், "என்ன முடிவு பண்ணீங்க? யாரை மாத்தட்டும்?" என்று கேட்டேன்.

"இன்னும் பேசிக்கினேதான் இருக்கோம் சார். முடிஞ்சா சொல்றோம்."

நான்கு மாதமாகிறது. இன்னும் சொல்லவில்லை.