என் மகளின் ஏலக்காய்ப் பை

கம்பத்தில் நான் கணக்கு ஆசிரியராக இருந்த பள்ளியில்தான் என் மகளும் படித்தாள். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். அவள் கணிதப் பிரிவில்தான் சேருவாள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். அவளோ தொழிற்கல்விப் பிரிவுக்குப் போய், நெசவும் ஆடை வடிவமைப்பும் எடுத்தாள். மதிப்பெண் குறைந்த பிள்ளைகளைத் தள்ளிவிடும் பிரிவு அது என்பது எங்கள் எண்ணம்.

"என்ன சார், மகள மிஷின் மிதிக்க விட்டுட்டீகளாம்ல? இனிமே நம்ம சட்டைக்கெல்லாம் ஓசியில பித்தான் வச்சுக்கிரலாம்" என்றார் வேதியியல் ஆசிரியர். ஆசிரியர் அறையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் ஆளுக்கொரு பொருளைத் தாங்களே வடிவமைத்துத் தைத்து, செய்முறைத் தேர்வில் வைக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் தலையணை உறை, மேசை விரிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். என் மகள் ஏலக்காய் எடுக்கும் பெண்களுக்கு இடுப்பில் கட்டும் பை தைக்கப்போவதாகச் சொன்னாள். எதிர்வீட்டு அம்மாள் தினமும் விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். ஏலக்காய் செடியின் தூரில், தரையோடு தரையாகக் காய்க்கும். நாளெல்லாம் குத்தவைத்து எடுக்க வேண்டும். உரச்சாக்கை வெட்டி இடுப்பில் கட்டிக்கொண்டு போவார்.

மகள் முதலில் தைத்துக் கொடுத்த பை ஒரே நாளில் திரும்பி வந்தது.

"நிக்கையில நல்லாத்தேன் இருக்கு ஆத்தா. உக்காந்தா வாய மூடிக்கிருதே. காயி பாதி மண்ணுல கெடக்கு. கங்காணி என்னைய வைய்யிறாரு."

அதைப் பிரித்து வலப்பக்கம் வாய் சரிந்திருக்கும்படி வெட்டினாள். நான்காம் முறை அடிப்பகுதியைத் தைக்காமல் விட்டு, நாடா போட்டுச் சுருக்கிக் கட்டினாள். நாடாவை இழுத்தால் காய் நேரே சாக்கில் கொட்டும், இடுப்பிலிருந்து அவிழ்க்க வேண்டியதில்லை. அந்த அம்மாள் இரண்டு மாதம் அதைக் கட்டிக்கொண்டு போனார். காயின் கறை பட்டுப் பை கறுத்துப்போனது. அப்படியே தேர்வில் வைக்கப்போகிறேன் என்றாள் மகள். உழைத்த பை என்று தெரிய வேண்டுமாம்.

அவளுக்குக் கோயம்புத்தூர்க் கல்லூரியில் துணி வடிவமைப்புப் படிக்க ஆசை. செய்முறையில் முழு மதிப்பெண் வாங்கினால் அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தேன். அந்தப் பேச்சில் நான் உண்மையாகவே இருந்தேன். அதனால்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. தேர்வாளராக வரப்போகிறவர், மதுரையில் விடைத்தாள் திருத்தும் முகாமில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரர். அழுக்குப் பிடித்து, வாய் கோணிய ஒரு பையை என் மகளின் வேலை என்று அவர் கையில் எடுத்துப் பார்ப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வெளியே தைக்கக் கொடுத்து வாங்கி வைப்பது எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். தேர்வுக்கு முந்தைய ஞாயிறு மகள் தோழி வீட்டுக்குப் போன நேரம் பையை எடுத்துக்கொண்டு கடைவீதித் தையற்காரரிடம் போனேன்.

"என்ன சார் இது, கோணவாயா இருக்கு? அடியில வேற ஓட்டை. மக அவசரத்துல விட்டுருச்சு போல."

"சரி பண்ணித் தைங்க. புதுத் துணியில."

அவர் சரி பண்ணினார். வாய் நேரானது, அடி மூடியது, ஓரத்தில் பச்சைப் பட்டி வந்தது. மகள் தன் பையைச் செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டி வைத்திருந்தாள். தேர்வு நாள் காலை அவள் குளிக்கப் போனபோது நான் உள்ளிருந்ததை மாற்றி, அதேபோல் கட்டி வைத்தேன். பழையதை என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். தேர்வறையில் பிரித்ததும் திடுக்கிடுவாள், ஆனால் மதிப்பெண்ணை நினைத்துப் பேசாமல் இருந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

பதினொரு மணி இருக்கும். பத்தாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தொழிற்கல்வி ஆசிரியை வாசலில் வந்து நின்றார்.

"சார், ஒரு நிமிசம். உங்க மக, இது என் பை இல்லைன்னு சொல்லுது. பரிச்சைக்கு வந்த எக்ஸ்டர்னலு, அதோட ரெக்கார்டு நோட்ட விரிச்சு வச்சுக்கிட்டு, படத்துல வாய் சாஞ்சிருக்கு, இதுல நேரா இருக்கு, அடியில நாடாவக் காணமேன்னு கேட்டாக. அது அழுகல சார், நின்ன எடத்துலயே நிக்கிது. அவுக நல்ல மனுசன். வீட்டுல மாறிக் கெடந்தா மதியத்துக்குள்ள கொண்டாரச் சொல்லுங்க, பாக்குறேன்னுட்டாக. வீட்டுல வேற பை இருக்கா சார்?"

வீடு சைக்கிளில் பத்து நிமிடம். பீரோச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. கொண்டுவந்து கொடுத்தால், அந்தப் புதுப் பை எப்படி வந்தது என்று கேட்பார்கள், மாற்றியது நான்தான் என்று சொல்ல வேண்டும். ஆசிரியரே தேர்வுப் பொருளை மாற்றினார் என்றால் விளக்கம் கேட்பார்கள். அந்த நாற்காலிக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது? இவ்வளவும் அந்த வாசலில் நின்று யோசித்தேன்.

"அப்படி ஒண்ணும் இல்லையே டீச்சர்" என்றேன்.

அவர் தேர்வறைக்குப் போனார். நான் திரும்பிப் பாதியில் விட்ட கணக்கை முடித்தேன். விடை சரியாக வந்தது.

அவள் உண்மையைச் சொன்னதால், பொருளுக்கான மதிப்பெண் முழுதும் போனது. ரெக்கார்டுக்கும் வாய்மொழிக் கேள்விகளுக்கும் மட்டும் கிடைத்தது. அன்று மாலை அவள் வீடு முழுக்கத் தேடினாள். கட்டிலடி, பரண், அரிசி மூட்டைக்குப் பின்னால். பீரோவை மட்டும் திறக்கச் சொல்லவில்லை. நானும் அவளோடு சேர்ந்து தேடினேன். இதைவிடக் கேவலமான ஒன்றை நான் செய்ததில்லை.

அந்தப் பையை வீட்டில் வைத்திருக்கவும் பயம், எரிக்கவும் மனம் வரவில்லை. மறுநாள் மகள் கோயிலுக்குப் போயிருந்தபோது எதிர்வீட்டு அம்மாளிடம் கொடுத்துவிட்டேன். இருட்டில் போய் இருட்டில் திரும்புகிறவர், யார் பார்க்கப்போகிறார்கள்?

நான்காம் நாள் ஜீப் பழுதாகி, விடிந்தும் தெருமுனையிலேயே நின்றது. பால் வாங்கப் போன மகள், இடுப்பில் பையோடு நின்ற அம்மாளைப் பார்த்திருக்கிறாள். நான் வாசலில் நின்றிருந்தேன். அம்மாளின் குரல் எனக்கே கேட்டது.

"பரிச்ச முடிஞ்சிருச்சு, இனி வேணாம்னு ஒங்கப்பாதேன் குடுத்தாரு ஆத்தா. என்ன மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? வேணும்னா அவுத்துத் தாரேன்."

"வேணாங்க்கா. நாடா இத்துப்போயிருக்கு பாருங்க. சாயங்காலம் குடுங்க, மாத்தித் தாரேன்."

பால் பாத்திரத்தோடு என்னைக் கடந்து உள்ளே போனாள். மாலையில் நாடாவை மாற்றிக் கொடுத்தாள்.

கோயம்புத்தூரில் இடம் கிடைக்கவில்லை. உத்தமபாளையத்தில் வணிகவியல் சேர்கிறாயா என்று கேட்டேன். "சரிப்பா" என்றாள். அதற்குப் பிறகு நான் கேட்ட எல்லாவற்றுக்கும், கல்யாணத்துக்கும்கூட, அதே "சரிப்பா"தான். பிள்ளை அடங்கி நடக்கிறது என்று என் மனைவி பெருமைப்பட்டாள். எனக்கு மட்டும் தெரியும், அவள் என்னிடம் எதையும் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டாள் என்று.

பன்னிரண்டு வருடம் ஆகிறது. இப்போது அவள் தேனியில் இருக்கிறாள். மாதம் ஒரு முறை போகிறேன். காப்பி தருகிறாள், மருந்து சாப்பிட்டீர்களா என்று விசாரிக்கிறாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் பஸ் ஏறுகிறேன். அவளுக்குத் தெரியாததை அல்ல, தெரிந்ததை என் வாயால் சொல்ல வேண்டும். போன வாரமும் பேரனுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.