பன்னிரண்டு மணிக் கையெழுத்து

தொழிற்சங்கக் கிளையில் பாரம் நிரப்பும் கிராணியாகச் சேர்ந்த முதல் நாளே மனதுக்குள் ஒரு முடிவு எடுத்தேன்: என் மேசைக்கு வரும் எந்தப் பாரத்திலும் கைநாட்டு விழக்கூடாது. எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் ஆள் நான். அப்பாவின் மை படிந்த கட்டைவிரலைப் பார்த்து வளர்ந்தவன்.

முதலில் வந்தவர் அஞ்சலை அக்கா. கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டுபவர். முடக்குவாதம். விடியற்காலையில் விரல்கள் மடங்கியபடியே நிற்கும், கத்தி பிடிபடாது. வெயில் ஏற ஏற இளகும். மரமோ வெயிலுக்கு முன்னால்தான் பால் கொடுக்கும்.

"பத்து மணிக்கு மேல கைய ஆட்டி ஆட்டித்தானே பேசுது? நடிப்பு லா!" என்றார் வேலையை மேற்பார்க்கும் மண்டோர். ஆபீசில் பேரை வெட்டப் பார்த்தார்கள். பேர் போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். மெடிக்கல் போர்டு 'கை முடியாது' என்று எழுதினால்தான் ஒப்பந்தப்படி லைட் டூட்டி கேட்கலாம்.

விண்ணப்பத்தை நான் நிரப்பினேன். கையெழுத்தை அவரே போட வேண்டுமென்று தினமும் மத்தியானம் உட்கார்த்தி வைத்துப் பழக்கினேன்.

"தம்பி, இந்த 'ஞ்'ச எவன்யா கண்டுபிடிச்சான்? அவனுக்கும் இந்த வாதம் வரணும்."

போர்டில் எங்கள் நம்பரைக் கூப்பிடும்போது பதினொன்றரை. அக்கா டாக்டர் முன்னாலேயே முழுப்பேரையும் எழுதினார். அழகாக இருக்கிறது என்று டாக்டர் மலாயில் பாராட்டினார். அக்கா வெட்கப்பட்டார். நான் பெருமைப்பட்டேன். கையை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

பிறகு கடிதம் வந்தது: பேனா பிடிக்க முடிகிறது, மனு தள்ளுபடி.

வாசித்துக் காட்டினேன். அக்கா திட்டவில்லை. "நல்லாத்தான் சொல்லிக் குடுத்த, தம்பி" என்றார். திட்டியிருக்கலாம்.

அப்பீல் போட்டோம். இம்முறை விடிகாலையில் அவரால் என்னென்ன முடியாது என்று கேட்டுக் கேட்டு எழுதினேன்: கொண்டை போட முடியாது, மண்ணெண்ணெய் அடுப்புத் திரியைத் திருக முடியாது, வாளியை முழங்கையில்தான் மாட்ட வேண்டும். முதல் பஸ் பிடித்து முதல் நம்பர் வாங்கினேன். மணி எட்டு.

டாக்டரின் உதவியாளர் பேனாவை நீட்டினார். அக்காவின் விரல் விரியவில்லை. என்னைப் பார்த்தார்.

"கைநாட்டு" என்றேன்.

உதவியாளர் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினார். "ஐயோ, விடுங்கய்யா!" என்று அக்கா அலறினார். தாளில் விழுந்தது ரேகை இல்லை, ஒரு தீற்றல். டாக்டர் எழுந்து வந்து அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தார்.

நாற்றுமேட்டில் லைட் டூட்டி கிடைத்தது, ஒன்பது மணியிலிருந்து. வீடும் தப்பியது.

பாரத்தில் எங்கே வலிக்கிறது என்று கேட்கக் கட்டம் உண்டு. எத்தனை மணிக்கு என்று கேட்கக் கட்டம் கிடையாது. இப்போதெல்லாம் அதை நானே ஓரத்தில் எழுதிவிடுகிறேன். மேசையில் மைப்பெட்டியும் வைத்திருக்கிறேன்.

லைட் டூட்டி கடிதம் வாங்க வந்த அக்காவிடம் அந்த மைப்பெட்டியைத்தான் நகர்த்தினேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி பன்னண்டு ஆச்சே தம்பி. பேனாவக் குடு."