வாலியும் பீமனும் மோதிய ஞாயிற்றுக்கிழமை

வாயால் பிழைக்கிற தொழில் எதுவானாலும் அதில் நிம்மதி கிடையாது என்பது, வாத்தியார், வக்கீல், தரகர் என்று இதைப் படிக்கிற சக கஷ்டவாளிகள் எல்லாருக்கும் தெரியும். நான் பார்த்ததோ அதற்கும் ஒரு படி மேலே, ஊமைப் படத்துக்கு வாய் கொடுக்கும் தொழில். படங்கள் பேச ஆரம்பிக்காத காலம். திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டைக்கு வெளியே ஒரு திடலில் எங்கள் கொட்டகை இருந்தது. திரைக்குப் பக்கத்தில் ஒரு கையில் மணியும் ஒரு கையில் பிரம்புமாக நின்று, யார் என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்று நான் கத்திச் சொல்ல வேண்டும். பாதி தமிழ், பாதி மலையாளம். கூட்டம் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதிலும் சொல்ல வேண்டும். பதில் தெரியாவிட்டாலும் சொல்ல வேண்டும்.

காதல் படம், புராணப் படம் எல்லாம் வந்து போகும். போகாமல் எங்களிடமே தங்கிவிட்டவை இரண்டு குத்துச்சண்டைப் படங்கள். இரண்டிலும் உலகப் பட்டம் வாங்கிய மகா பலசாலிகள், ஆளுக்கு ஒரு படம். முதலாமவன் ஓய்ந்து வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் இரண்டாமவன் கையுறையே மாட்டினான். ஆகவே இருவரும் ஒருநாளும் மோதியதில்லை. என் தலைவலிக்கு அதுதான் காரணம்.

பெயர் வைத்த கதை

வெள்ளைக்காரர் பெயர் நம் ஜனங்கள் வாயில் நுழையாது. அதனால் விளக்கம் சொல்கிறவனே ஒரு பெயர் வைத்துவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம். பெரிய மீசையும் மலை மாதிரி உடம்புமாக நிமிர்ந்து நின்று, வலது கையால் ஒரே குத்தில் ஆளைச் சாய்க்கிற பழைய சாம்பியனுக்கு வாலி என்று வைத்தேன். குனிந்து குனிந்து வந்து, இடது முஷ்டியைத் தாடையை விட்டு எடுக்காமலே சண்டை போடுகிற புது சாம்பியனுக்குப் பீமன்.

முதல் நாள் இடைவேளையில் ராமசுப்பையர் என்னை நோக்கி வந்தார். கோட்டைக்குள் அக்ரகாரத்தில் வீடு, கோயிலில் உத்தியோகம். மாட்டுக்கறி தின்கிறவனுக்குப் புராணப் பெயரா என்று சண்டைக்கு வருகிறார் என நினைத்து நான் மன்னிப்பைத் தயாராக வைத்திருந்தேன். அவர் விரலை மடக்கி யோசித்துவிட்டு முகம் மலர்ந்தார். "பேஷ்! வாலி திரேதா யுகம், பீமன் துவாபர யுகம். யுகம் தப்பாமப் பேர் வச்சிருக்கீர் ஓய்!"

அடுத்தடுத்த நாற்காலி

அன்றிலிருந்து ராமசுப்பையர் பீமன் கட்சி. அவருக்குப் பக்கத்து நாற்காலி சிவதாணுப் பிள்ளையுடையது. ஆரியசாலையில் சுக்கும் மிளகும் மொத்த வியாபாரம், நாஞ்சில் நாட்டுக்காரர், வாலி கட்சி. சனிக்கிழமை தவறாமல் இரண்டு பேரும் வருவார்கள். திரையில் எந்தப் படம் ஓடினாலும் இவர்கள் நாற்காலியில் நடப்பது வாலி, பீமன் சண்டைதான். வாலியின் வலது கை ஒரு தடவை பட்டால் பீமன் எழுந்திருக்க மாட்டான் என்பார் பிள்ளை. பட்டால்தானே, அந்த இடது கை இருக்கிற வரைக்கும் எப்படிப் படும் என்பார் ஐயர். "ஆமா, பல்வலிக்காரன் மாதிரி கன்னத்துல கையை வச்சிட்டு நிக்கான், பெரிய பீமன்!" என்று பிள்ளை சொன்னதும் சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். ஐயர் காது சிவந்துபோகும்.

ஒருநாள் என்னை நடுவே இழுத்துத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். தினமும் படம் பார்க்கிறவன் நான்தானாம். இரண்டு பேரும் நாள்பட்ட வாடிக்கை. யார் மனமும் நோகக் கூடாதே என்று, மோதினால் வெற்றி தோல்வி இருக்காது, சமமாகத்தான் முடியும் என்றேன். அதுவரை முறைத்துக்கொண்டிருந்த இருவரும் ஒன்று சேர்ந்து என் மேல் பாய்ந்தார்கள். பிள்ளை சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வே, சமம்னு கேக்கதுக்கா நாங்க இத்தனை வருசமா சண்டை போடுதோம்?"

கைப்பிடி லாசர்

எந்திரத்தைக் கையால் சுற்றிப் படம் ஓட்டுகிறவன் லாசர், விழிஞ்ஞத்துக்காரன். நல்ல தோள். ஒரே சீராகச் சுற்றுவான். குத்துச்சண்டை வந்தால் மட்டும் கெட்டுப்போவான். ஒருவன் அடி தாங்க முடியாமல் கயிற்றோரம் ஒதுங்கியதும் கைப்பிடி பறக்கும். திரையில் இரண்டு மலைகளும் குருவி மாதிரி தத்தித் தத்திக் குதிக்கும். என் வாய் அந்த வேகத்துக்கு ஓட முடியாமல் திணறும்.

முதலாளி திட்டியும் மாறவில்லை. நான் தனியாகக் கூப்பிட்டு, உனக்கு வாலி கட்சியா, பீமன் கட்சியா, சொல்லித் தொலை என்றேன். அவன் வெட்கத்தோடு தலையைச் சொறிந்தான். "ஒரு கட்சியும் இல்ல அண்ணாச்சி. அடி கொள்ளுறவனுக்கு வேகமாத் தீரட்டும்."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி

சிவதாணுப் பிள்ளை ஒரே ஒரு முறை மனைவி ஆவுடையம்மாளையும் அழைத்து வந்தார். அன்று, வாலி பட்டத்தை இழக்கிற இன்னொரு படம் புதிதாக வந்திருந்தது. வயதாகி, கால் ஓய்ந்து, மீசை நரைத்த வாலி முழங்காலிட்டு விழுகிறான். நான் மணி அடித்து எண்ணத் தொடங்கினேன். பிள்ளை எழு எழு என்று கத்தினார். மொத்தக் கொட்டகையும் கத்தியது.

கொஞ்சம் ஓய்ந்ததும் பெண்கள் பக்கத் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஆவுடையம்மாள் குரல் வந்தது. என்னைத்தான் கேட்டார். "இவனுக்க அம்மை இந்தப் படத்தைப் பாத்திருப்பாளா?"

குடை உட்கார்ந்த நாற்காலி

ஒரு சனிக்கிழமை பிள்ளை வரவில்லை. வாதம் அடித்து வலது பக்கம் விழுந்துவிட்டது, வாயும் போய்விட்டது என்றார்கள். ஐயர் தனியாக வந்து உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் தன் குடையை வைத்தார். அன்று பீமன் படம். ஐயர் திரையைப் பார்க்கவே இல்லை.

இடைவேளையில் அவரிடம் போனேன். ஐயர் தினமும் பார்க்கப் போகிறாராம். வைத்தியர், மெல்ல மெல்ல முயன்றால் பேச்சு திரும்பும் என்கிறாராம். ஆனால் பிள்ளை முயலவே மாட்டேன் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாராம். கஞ்சியும் இறங்கவில்லை.  சொல்லிவிட்டு ஐயர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்குப் பிள்ளை ஆத்துக்கு வந்து வாலியையும் பீமனையும் மோத விடும் ஓய். வாலியே ஜெயிக்கட்டும், கேட்டேளா."

பகல் ஆட்டம்

மறுநாள் மத்தியானம் ஆரியசாலையில் பிள்ளை வீட்டுக்குப் போனோம். லாசரும் வந்தான், சுற்ற எந்திரம் இல்லாததால் கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றான். பிள்ளை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஆவுடையம்மாள் தலைமாட்டில் இருந்தார். நான் துணி அலமாரிக்குப் பக்கத்தில், அதையே திரையாக நினைத்து நின்றேன். ஐயர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒரு பித்தளைத் தம்ளரைக் கரண்டியால் தட்டி மணி அடித்தார்.

என் தொழிலில் அப்படி ஒருநாளும் கத்தியதில்லை. வாலி தன் யுகத்திலிருந்து இளமையோடு இறங்கி வந்தான். பீமன் குனிந்து வந்தான். முதல் சுற்று போயிற்று, இரண்டாவது போயிற்று. பிள்ளையின் முதுகு அசையவில்லை. மூன்றாவதில் வாலி ஓங்கினான். அடுத்து பீமன் அடி வாங்கியாக வேண்டும். ஐயருக்கு உயிரான பீமனை, அவர் கண் முன்னாலேயே, அவர் கேட்டுக்கொண்டபடியே நான் சாய்க்க வேண்டும். மனசு கேட்கவில்லை. லாசரைப் பார்த்தேன். அவன் கை தானாக அவிழ்ந்து காற்றில் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சரி, அடி வாங்குகிறவனுக்குச் சீக்கிரம் முடியட்டும் என்று நானும் ஒரே மூச்சில் சொன்னேன்: "பீமன் இடது கையை இறக்கிவிட்டான்! வாலி குத்தினான்! பீமன் விழுந்தான்!"

ஐயர் கரண்டியை ஓங்கியபடி அப்படியே நின்றார். கட்டிலில் ஓர் உறுமல் கேட்டது. பிள்ளை இந்தப் பக்கம் திரும்ப முயன்றார், முடியவில்லை. ஆவுடையம்மாள் தாங்கித் திருப்பினார். முகமெல்லாம் கோபம். என்னைப் பார்த்து உதடு கோணியது, எச்சில் வழிந்தது. இத்தனை நாள் வராத வார்த்தை துண்டு துண்டாக வந்தது. "பொய்யி... பல்வலிக்காரன்... கையை... எடுக்கவே மாட்டான்வே!"

ஐயர் தம்ளரைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்து அழுதார். ஆவுடையம்மாள் அழவில்லை, எழுந்து அடுக்களைக்குப் போய்க் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தார். அதை ஐயரிடம் நீட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நாளைக்கும் வாரும். இதே மாதிரி தப்பாச் சொல்லும்."

எத்தனையோ ஊமைப் படங்களைச் சரியாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஒரு மனிதரைப் பேச வைத்தது தப்பாகச் சொன்ன அந்த ஒரு சண்டைதான்.